வேதாளத்துக்கு யார் பதில் சொல்வது?

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் நெய்வேலி டவுன்ஷிப்பில் மாலை நேரத்துக்கு ஒரு புது வழக்கம் வந்துவிடும். ஆறு மணி வாக்கில் வீட்டைப் பூட்டிக்கொண்டு, குடும்பம் குடும்பமாக வட்டம் 11-ல் இருக்கும் லிக்னைட் ஹால் பக்கம் கிளம்பிவிடுவார்கள். அங்கேதான் புத்தகக் கண்காட்சி. உள்ளே போகும்போது எல்லோரும் ஒன்றாகத்தான் போவார்கள். பத்தாவது கடை வருவதற்குள் ஆளுக்கொரு திசையில் பிரிந்திருப்பார்கள். கடைசியில் மிளகாய் பஜ்ஜி விற்கும் இடத்தில்தான் மறுபடி சந்திப்பு.

இப்படி ஒரு குடும்பத்தை எந்த வருடம் போனாலும் அங்கே பார்க்கலாம். சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்து ஓய்வுபெற்ற தாத்தா. அவருடன் ஆயா. அம்மா. இன்ஜினீயரிங் படிக்கும் அண்ணன். எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. பேத்தியின் கையில் செங்கல் கனத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகம். டோல்கீன் எழுதிய ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’. மூன்று பாகமும் ஒரே கட்டாக.

அம்மா பின்னட்டையைப் புரட்டிப் பார்க்கிறார். “ஆயிரம் பக்கத்துக்கு மேல இருக்கேடி! இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அரைப் பரீட்சை வந்துடும். பக்கத்துக் கடையில மேத்ஸ் கைடு இருக்கு, வா.”

தாத்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்கிறார். “என்ன கதை பாப்பா இது?”

“ஒரு மோதிரம் தாத்தா. அதைக் கொண்டுபோய் ஒரு நெருப்பு மலைக்குள்ள போடணும். அவ்வளவுதான்.”

“ஒரு மோதிரத்தைக் கொண்டுபோய் நெருப்புல போடறதுக்கு ஆயிரம் பக்கமா? பொய்க்கதைக்கு இவ்வளவு பேப்பரா?”

அண்ணன் சிரிக்கிறான். பேத்தியின் முகம் சுருங்குகிறது. கடைக்காரர் எந்தப் பக்கமும் பேசாமல் பில் புத்தகத்தைத் தேடுகிறார்.

சிறிய பேச்சுதான். ஆனால் பிள்ளைகள் படிக்கிற ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு நடக்கிறது. மாயாஜாலக் கதை படிப்பது நேரத்தை வீணாக்குவதா? இங்கிலீஷில் படித்தால் தமிழ் விட்டுப்போகுமா? அதைவிட முக்கியமாக, ஒரே வீட்டில் ஒருவர் படிப்பதைப் பற்றி இன்னொருவருக்கு எதுவுமே தெரியாமல் போனால் என்ன ஆகும்?

கரி ஊரில் காகிதத் திருவிழா

நெய்வேலி பிறந்த விதமே ஒரு கதை போலத்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஒன்று வெளியே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தழைத்திருந்த காடு மண்ணுக்குள் அமுங்கிக் கரியாக மாறிக் கிடந்திருக்கிறது. 1956-ல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957-ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1962-ல் சோவியத் உதவியுடன் கட்டிய அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது.

வட்டம் வட்டமாகப் பிரித்த தெருக்கள், ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ் வீடுகள், தெருவெல்லாம் மரங்கள். இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் குடியேறிய ஊர் இது. அந்த ஊரில் 1998-ல் தொடங்கியது புத்தகக் கண்காட்சி. சென்னைப் புத்தகக் காட்சி 1977 முதலே நடக்கிறது. ஆனால் பெருநகரம் அல்லாத ஒரு தொழில் ஊரில், ஒரு நிறுவனமே முன்னின்று வருடா வருடம் இப்படி நடத்துவது அப்போது புதுசு. எழுத்தாளர்களையும் பதிப்பாளர்களையும் மேடையேற்றிப் பாராட்டுவார்கள். தினமணியுடன் சேர்ந்து சிறுகதைப் போட்டியும் நடத்தினார்கள். பண்ருட்டி, விருத்தாசலம், வடலூர் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். இன்று தமிழகத்தில் மாவட்டத்துக்கு மாவட்டம் புத்தகத் திருவிழா நடக்கிறது. நெய்வேலிக்காரர்களுக்கு அது கால் நூற்றாண்டுப் பழக்கம்.

அதனால்தான் அந்த ஊரில் புத்தகம் வாங்குவது குடும்பக் காரியம். சண்டையும் குடும்பச் சண்டைதான்.

தாத்தாவின் இரும்புக்கை

“பொய்க்கதை” என்று சொன்ன தாத்தாவுக்கு ஆயாவிடமிருந்துதான் முதல் அடி விழுந்தது.

“நீங்க பேசாதீங்க. கல்யாணம் ஆகி வந்தப்ப பரண் மேல ஒரு டிரங்குப் பெட்டி நிறைய என்ன வச்சிருந்தீங்க?”

தாத்தா சட்டென்று மௌனமாகிவிட்டார். பெட்டியில் இருந்தது முத்து காமிக்ஸ். 1972-ல் அது தொடங்கியபோது முதல் இதழிலேயே வந்தவர் இரும்புக்கை மாயாவி. ஒரு கை இரும்பு. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் தெரியும். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைப் பையன்கள் ஸ்விட்ச் போர்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது இவரால்தான். தெருவுக்குத் தெரு மின்சாரம் பற்றியே பேச்சு நடக்கும் நெய்வேலியில் வளர்ந்த பையனுக்கு மாயாவி மேல் எவ்வளவு பிரியம் இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

“அது வேற, இது வேற” என்றார் தாத்தா.

“எப்படி வேற தாத்தா?”

“அது... அதுல ஒரு சயின்ஸ் இருக்கு.”

அண்ணன் விடவில்லை. “ஷாக் அடிச்சா ஆள் மறையறதுல என்ன சயின்ஸ் தாத்தா?”

ஒவ்வொரு தலைமுறையும் தன் மாயாஜாலத்தை மட்டும் நியாயம் என்று நினைக்கிறது. தாத்தாவுக்கு மாயாவி. அம்மாவுக்கு அம்புலிமாமாவும், வாண்டுமாமாவின் மந்திரக் கதைகளும். அண்ணனுக்கு ஹாரி பாட்டர். அடுத்தவர் புத்தகம் எல்லோருக்கும் பொய்க்கதைதான்.

மந்திரம் நமக்குப் புதுசா?

மந்திரக் கதை மேல்நாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் மணிமேகலையை ஒருமுறை கதையாக மட்டும் படித்துப் பார்க்கலாம். சீத்தலைச் சாத்தனார் என்ன எழுதியிருக்கிறார்? ஓர் இளம்பெண்ணைத் தெய்வம் தூக்கிக்கொண்டுபோய் மணிபல்லவத் தீவில் விடுகிறது. அவளுக்கு மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன. ஒன்று வேறு உருவம் எடுக்க. ஒன்று வானத்தில் பறக்க. ஒன்று பசியைத் தாங்க. கோமுகிப் பொய்கையிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை, வைகாசிப் பௌர்ணமியில் மேலே வரும் அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம்.

இன்றைய ஃபேன்டசி வாசகர்கள் ஒரு கதையை மதிப்பிட முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘இந்த மந்திரத்துக்கு விலை என்ன?’ எல்லாம் மந்திரத்தால் சுலபமாக முடிந்துவிட்டால் கதையில் சுவை இருக்காது. மந்திரத்தைத் தொட்டவர் எதையாவது இழக்க வேண்டும், அல்லது பொறுப்பேற்க வேண்டும்.

மணிமேகலையில் அந்த விலை இருக்கிறது. தன்னைத் துரத்தும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்பிக்க, காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை அவள் எடுத்துக்கொள்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் வருகிறான். தன் மனைவிதான் இளவரசனுடன் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று தவறாக எண்ணி இளவரசனை வெட்டிவிடுகிறான். தப்பிக்கச் சொன்ன ஒரு மந்திரம் ஓர் உயிர் போகக் காரணமாகிவிடுகிறது. மணிமேகலை சிறைக்குப் போகிறாள். பிறகு அவள் கேட்டபடி அந்தச் சிறைச்சாலையே அறச்சாலை ஆகிறது.

நாட்டார் பக்கம் போனால் விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை என்று பெரிய கூட்டமே இருக்கிறது. மதனகாமராஜன் கதையை நடேச சாஸ்திரி 1886-லேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். தமிழ் மந்திரக் கதை ஆங்கிலத்துக்குப் போய் நூற்று முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. பேத்தி கையில் இருப்பது எதிர்த்திசையில் வந்த ஒரு புத்தகம், அவ்வளவுதான்.

புத்தகம் முடிந்த பிறகுதான் பேச்சு

சரி, எப்படியோ அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்துவிட்டது. மேத்ஸ் கைடும் கூடவே வந்தது. பத்து சதவீதத் தள்ளுபடி இரண்டுக்கும் உண்டு. அம்மா ஒரு நிபந்தனை போட்டார். பாடம் முடிந்த பிறகுதான் கதை. படித்ததை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஆயாவுக்குச் சொல்ல வேண்டும். அதுவும் தமிழில்.

அம்மாவின் கணக்கு வேறு. பிள்ளை எதையாவது இங்கிலீஷில் படிக்கிறாள், தமிழில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேச வரவில்லை என்பது அவர் கவலை. ஆயாவுக்கோ தமிழ் தவிர எதுவும் தெரியாது. இருவருக்கும் நடுவே டிவி சத்தம் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

முதல் இரண்டு நாள் தடுமாற்றம்தான். ‘ஹாபிட்’ என்றால் என்ன என்று சொல்லவே கால் மணி நேரம் ஆனது. “குள்ளமா இருப்பாங்க ஆயா. காலெல்லாம் முடி. ஒரு நாளைக்கு ஆறு வேளை சாப்பிடுவாங்க.” ஆயாவுக்கு அது போதும். “நம்ம ஊர்க்காரங்கதான்” என்று ஏற்றுக்கொண்டார். மூன்றாம் நாளிலிருந்து ஆயாவே, “அந்த மோதிரக்காரப் பையன் எங்க போய்ச் சேர்ந்தான்?” என்று கேட்கத் தொடங்கினார். தாத்தா பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருப்பார். பக்கம் மட்டும் புரளாது.

இந்த மாதிரிப் பேச்சுக்கு நம்மிடம் ஒரு பழைய முறை இருக்கிறது. அம்புலிமாமா படித்தவர்களுக்கு உடனே நினைவு வரும். விக்கிரமாதித்தன் மரத்திலிருந்து உடலை இறக்கித் தோளில் போட்டு நடப்பான். அதற்குள் இருக்கும் வேதாளம் ஒரு கதை சொல்லும். கடைசியில் ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் வாயைத் திறக்காவிட்டால் ராஜாவுக்குத் தலை போய்விடும். வாயைத் திறந்தால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி மரம் ஏறிவிடும். 1947 ஜூலையில் தொடங்கிய அந்தப் பத்திரிகையில் இந்தத் தொடருக்கு ஓவியர் சங்கர் வரைந்த படம் இன்னும் பலர் கண்ணில் நிற்கிறது.

வேதாளக் கதையின் அழகே அந்தக் கேள்விதான். கதை எப்படி இருந்தது என்று வேதாளம் கேட்பதில்லை. இவர்களில் பெரியவர் யார், யார் செய்தது நியாயம் என்றுதான் கேட்கும். அந்தக் காலத்து வீடுகளில் ராஜாவின் பதிலைப் படிப்பதற்கு முன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஆளுக்கொரு பதில் சொல்லிப் பார்ப்பார்கள். ஒரு கதையைப் பற்றி ‘சூப்பர்’, ‘போர்’ என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல் பேச அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

மோதிரக்காரன் ஜெயித்தானா?

மூன்று வாரம் கழித்து ஒரு ராத்திரி பேத்தி முடிவுக்கு வந்தாள். (இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.) ஃப்ரோடோ எத்தனையோ ஆபத்தைத் தாண்டி நெருப்பு மலைக்குள் போய் நிற்கிறான். மோதிரத்தைப் போட வேண்டியதுதான் பாக்கி. அப்போது அவனால் போட முடியவில்லை. ‘இது எனக்கு’ என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். அவர்களைத் தொடர்ந்து வந்த கொல்லம் என்ற பாவப்பட்ட ஜென்மம் பாய்ந்து, அவன் விரலையே கடித்து மோதிரத்தைப் பிடுங்குகிறது. அந்தக் கூத்தாட்டத்தில் கால் தவறி நெருப்புக்குள் விழுந்துவிடுகிறது. மோதிரம் அழிகிறது.

பேத்தி வேதாளம் போலக் கேட்டாள். “இப்ப சொல்லுங்க. ஃப்ரோடோ ஜெயிச்சானா, தோத்தானா?”

அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. “தோத்துட்டான். கடைசி செகண்ட்ல வேலையை முடிக்கல. லக்குல நடந்தது.”

அம்மா, “அவன் அங்க வரைக்கும் தூக்கிட்டு வந்ததுனாலதானே விழுந்துச்சு? அதுல பாதி மார்க்காவது குடுக்கலாம்” என்றார்.

தாத்தா பேப்பரைக் கீழே வைத்தார். “ராத்திரி ஷிப்ட்டு முழுக்க ஒருத்தன் மெஷின்ல நிக்கறான். விடியற நேரத்துல கை நடுங்குது. பக்கத்துல இருக்கறவன் வந்து பிடிக்கறான். அதுக்காக அவன் ராத்திரி பூரா செஞ்சது இல்லைன்னு ஆயிடுமா? யாராலயும் தூக்க முடியாத பாரத்தை அவன்கிட்ட குடுத்ததுதான் தப்பு.”

ஆயா கடைசியாகச் சொன்னார். “அந்த எலும்பும் தோலுமா இருந்த பய இருக்கானே, அவனைக் கொல்ல எத்தனையோ தடவை வாய்ப்பு வந்துச்சுன்னு நீதானே சொன்ன? பாவம்னு விட்டாங்க இல்ல? அதுதான் காப்பாத்திச்சு. மோதிரம் விழுந்தது அன்னிக்கு இல்ல. அவனை உயிரோட விட்டாங்க பாரு, அன்னிக்கே விழுந்துடுச்சு.”

பெரிய பெரிய ஆய்வாளர்கள் அந்த நாவலைப் பற்றிச் சொல்லும் முக்கியமான கருத்தும் இதுவேதான். இரக்கம்தான் அந்தக் கதையைத் திருப்பும் அச்சு. இங்கிலீஷ் எழுத்தே தெரியாத ஒருவர், கேட்ட கதையை வைத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பத்து வயது விமர்சகர்

பிள்ளைகளின் கருத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. டோல்கீன் முதலில் எழுதிய ‘ஹாபிட்’ புத்தகமாக வந்தது 1937-ல். அதற்கு முந்தைய ஆண்டு கையெழுத்துப் பிரதி பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினிடம் வந்தபோது, அவர் அதைத் தன் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்தார். படித்து அபிப்பிராயம் எழுதித் தந்தால் ஒரு ஷில்லிங் கூலி. ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், வரைபடங்கள் இருப்பதால் வேறு படங்கள் தேவையில்லை என்று பையன் எழுதிக்கொடுத்தான். புத்தகம் அச்சுக்குப் போனது. அதே பையன் பெரியவனாகி, 1954-55-ல் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வெளிவரக் காரணமாகவும் இருந்தார்.

ஹாரி பாட்டர் கதையும் அப்படித்தான். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கையெழுத்துப் பிரதி புளூம்ஸ்பரி நிறுவனத்துக்கு வந்தது. அதன் தலைவர் நைஜல் நியூட்டன் முதல் அத்தியாயத்தைத் தன் எட்டு வயது மகள் ஆலிஸிடம் கொடுத்தார். மீதி எங்கே என்று அந்தப் பெண் கேட்டு நச்சரித்தாள். 1997-ல் புத்தகம் வந்தது. மற்றது எல்லோருக்கும் தெரியும்.

பெரியவர்கள் முடிவெடுக்கத் திணறிய இரண்டு இடத்திலும் ஒரு பிள்ளையின் வாசிப்பு வழிகாட்டியிருக்கிறது. அந்த அப்பாக்கள் செய்த நல்ல காரியம் ஒன்றே ஒன்றுதான். ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று கேட்டுவிட்டு, பதிலைக் காதில் வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது யார் என்ன படிக்கிறார்கள்?

அந்த வீட்டில் இப்போது ஆளுக்கொரு புத்தகம் ஓடுகிறது. அபிப்பிராயங்களுக்கும் குறைவில்லை.

அண்ணன் பாட்டர் வரிசையை விட்டு அர்சுலா லெ குவின் எழுதிய ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்சீ’க்கு வந்திருக்கிறான். 1968-ல் வந்த சின்னப் புத்தகம். வீம்புக்கு மந்திரம் போட்டு ஒரு நிழலைத் திறந்துவிட்ட இளைஞன், அந்த நிழலுக்குப் பயந்து ஓடி, பிறகு தானே அதைத் துரத்திப் போகும் கதை. “சண்டையே இல்ல. ஆனா ஹாஸ்டல்ல தூக்கம் வராதப்ப இதுதான் ஞாபகம் வருது” என்பது அவன் விமர்சனம்.

அம்மா பல வருடம் கழித்து சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைக் கையில் எடுத்திருக்கிறார். ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியை மறக்க முடியுமா? இது மந்திரக் கதை இல்லை, விஞ்ஞானக் கதை என்று அண்ணன் திருத்துகிறான். “நாய் பேசினா எனக்கு எல்லாம் ஒண்ணுதான்” என்று அம்மா பக்கத்தைத் திருப்புகிறார்.

தாத்தா, பேத்திக்கென்று ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ வாங்கி வந்தார். தினமணி சிறுவர்மணியில் தொடராக வந்த இமயமலைக் கதை. பேத்திக்கு முதல் இருபது பக்கம் மெதுவாகத்தான் போனது. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கும் வேகம் அவ்வளவுதான். பனிமலை ஏறத் தொடங்கிய பிறகு வேகம் தானாக வந்துவிட்டது. தாத்தாவுக்கு இப்போது அதே எழுத்தாளரின் ‘வெண்முரசு’ மேல் கண். 2014 முதல் 2020 வரை எழுதப்பட்ட 26 நாவல்கள். “ஆயிரம் பக்கமான்னு கேட்டீங்களே தாத்தா!” என்று பேத்தி சொல்லிக் காட்டிவிட்டாள்.

இந்தப் பட்டியலில் ஒரு குறையும் தெரிகிறது. பத்து வயது வரைக்கும் தமிழில் மந்திரக் கதைகள் நிறைய. பெரியவர்களுக்கு ‘விஷ்ணுபுரம்’ மாதிரி கனமான நாவல்கள் உண்டு. நடுவில், பன்னிரண்டு முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு என்று தமிழிலேயே எழுதப்பட்ட ஃபேன்டசி நாவல்கள் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வயதில்தான் பிள்ளைகள் இங்கிலீஷ் அலமாரிக்கு நகர்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் வாசகர்கள் கேட்காமல் பதிப்பகங்கள் எழுத வைக்காது. புத்தகக் கண்காட்சிக் கடையில் நின்று ‘இந்த வயசுக்குத் தமிழ்ல என்ன இருக்கு?’ என்று நாலு பேர் கேட்டால், அடுத்த வருடம் அந்த மேசையில் ஏதாவது வந்து சேரும்.

ஆயாவின் ஊர்

அந்த நாவலில் மோதிரம் அழிந்ததோடு கதை முடிவதில்லை. பயணம் போனவர்கள் ஊர் திரும்புகிறார்கள். ஊர் பழையபடி இல்லை. மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பழைய வீடுகள் இடிந்திருக்கின்றன. எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் ஃப்ரோடோவால் அங்கே இருக்க முடியவில்லை. ஊரைக் காப்பாற்றியாகிவிட்டது, ஆனால் தனக்காக இல்லை என்று புரிந்துகொண்டு கப்பலேறிப் போய்விடுகிறான்.

பேத்தி இதைச் சொன்ன ராத்திரி ஆயா வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகத் தொடங்கினார்.

“எங்க ஊர்ல பிள்ளையார் கோயிலுக்குப் பின்னாடி ஒரு இலுப்பை மரம் இருந்துச்சு. நாலு பேர் கை கோத்தாத்தான் கட்டிப் பிடிக்க முடியும். அதுக்குக் கீழதான் எங்க அப்பா கூத்து பாக்கக் கூட்டிட்டுப் போவாரு...”

ஆயா பிறந்த ஊர் இப்போது இல்லை. இரண்டாம் சுரங்கம் வந்த காலத்தில் இடம்பெயர்ந்த ஊர்களில் அதுவும் ஒன்று. கோயிலும் மரமும் களமும் இருந்த இடத்தில் இன்று பள்ளம்தான். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் ஆயா ஜன்னலைப் பார்க்க மாட்டார். அது ஏன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. தாத்தா அதே சுரங்கத்தில் வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் தழைத்தது. அதனால் அந்தப் பேச்சை இருவருமே எடுத்ததில்லை.

நெய்வேலி மண்ணின் இந்தப் பக்கத்தைக் கண்மணி குணசேகரன் ‘வந்தாரங்குடி’ நாவலில் எழுதியிருக்கிறார். அது நடப்புக் கதை, மந்திரம் எதுவும் கிடையாது. ஆனால் இந்த வீட்டில் அந்தப் பேச்சுக்கான கதவைத் திறந்தது, இங்கிலாந்துப் பேராசிரியர் ஒருவர் எழுதிய குள்ளர்கள் கதை. உண்மையை நேராகக் கேட்டால் சொல்லத் தயங்குகிறவர்கள், கதைக்குப் பதிலாகக் கதை சொல்லத் தயங்குவதில்லை.

பேத்தி அந்த ராத்திரி ரஃப் நோட்டு ஒன்றை எடுத்தாள். டோல்கீன் புத்தகத்தில் இருப்பது போலவே ஒரு வரைபடம். பிள்ளையார் கோயில், இலுப்பை மரம், களம், ஏரிக்கரை. ஆயா சொல்லச் சொல்ல வரைந்தாள். எங்கோ ஓரிடத்தில் ஆயாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“கிணறு கோயிலுக்குக் கிழக்கா, மேற்கா?”

“கிழக்கு” என்றார் தாத்தா. “பொண்ணு பாக்க வந்தப்ப அங்கதான் கால் கழுவினேன்.”

அம்மா சொன்ன பரீட்சைக் கவலை தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அரைப் பரீட்சை இன்னும் வரவில்லை. கணக்கு மார்க் எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் தெரியும். ஆனால் அந்த ரஃப் நோட்டில் இப்போது நான்கு பக்கம் நிரம்பியிருக்கிறது. ஊர்ப் பெயர்கள் எல்லாம் தமிழில். எழுத்துப்பிழைகளோடு.

வீட்டிலேயே தொடங்கலாம்

புத்தகம் பற்றிப் பேச மேடையோ மைக்கோ தேவையில்லை. இந்த வாரம் உங்கள் வீட்டில் முயன்று பார்க்கச் சில வழிகள்:

* ‘கதை நல்லா இருந்துதா?’ என்று கேட்காதீர்கள். வேதாளம் போலக் கேளுங்கள். யார் செய்தது நியாயம்? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

* இங்கிலீஷில் படித்த கதையைத் தாத்தா, பாட்டிக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சரியான சொல் வராதபோது நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். கேட்பவரே கொடுப்பார்.

* பிள்ளை படிக்கும் புத்தகத்தில் இருபது பக்கமாவது நீங்களும் படியுங்கள். பிறகு பொய்க்கதை என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

* பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிடலாம். ஏன் வைத்தோம் என்பதை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிட்டு வையுங்கள். அதுவும் ஒரு விமர்சனம்தான்.

* பரணில் பழைய காமிக்ஸ் பெட்டி இருந்தால் இறக்குங்கள். பேத்தி பேரன் கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

விக்கிரமாதித்தனிடம் வேதாளம் கேட்ட கடைசிக் கேள்விக்கு மட்டும் அவனுக்கு விடை தெரியவில்லை. பேசாமல் நடந்தான். அந்த நாவலின் முடிவைப் பற்றி நெய்வேலி வீட்டிலும் இன்னும் தீர்ப்பாகவில்லை. அண்ணன் இன்னமும், தோற்றுவிட்டான் என்றுதான் சொல்கிறான். அடுத்த லீவுக்கு வரும்போது ஆயா அவனை ஒருவழி பண்ணுவதாக இருக்கிறார்.